வெட்டிய வரியைத் திருப்பிக் கேட்கலாம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வரிப் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதைப் பற்றியே இருக்கின்றன. கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் பணத்தைக் கேட்காமலே விட்டவர்களை அங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த இதழ் முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

தங்கச்சி, எனக்கு 71 வயது. என் கணவர் தனியார் கம்பனியில் வேலை செய்தவர். அவருடைய ஈ.பி.எஃப். காசையும் நகை விற்ற காசையும் சேர்த்து 120 இலட்சம் எஃப்.டி.யில் போட்டிருக்கிறேன். 8 வீத வட்டி. முன்பு 5 வீதம் வெட்டினார்கள், இப்போது 10 வீதம் வெட்டுகிறார்கள். எனக்கு வேறு வருமானம் இல்லை. இது நியாயமா? வரி ஃபைல் திறந்தால் பிறகு தொல்லை என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள்.
க.ச., வெள்ளவத்தை

அக்கா, முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம். 120 இலட்சத்துக்கு 8 வீதம் என்றால் வருடத்துக்கு 9 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா வட்டி. அதில் 10 வீதம் 96,000 ரூபா. மாதத்துக்கு 8,000 ரூபா உங்கள் கையில் சேராமல் போகிறது. மருந்துக் கடைக் கணக்கு அதிலேயே முடிந்துவிடும்.

2025 ஏப்ரல் 1 முதல் ஒரு தனிநபருக்கு வருடத்தில் 18 இலட்சம் ரூபா வரை வருமான வரி இல்லை. உங்கள் வருமானம் அதில் பாதியை விடக் கொஞ்சம்தான் கூட. அப்படியென்றால் நீங்கள் கட்ட வேண்டிய வரி பூச்சியம். உங்களுக்கு வேறு வருமானம் உண்டா என்பது வங்கிக்குத் தெரியாது. சட்டம் வெட்டச் சொல்கிறது, வெட்டி இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். இதற்குப் பெயர் நிறுத்திவைத்தல் வரி. வட்டியில் வெட்டப்படும் இந்தத் தொகை இறுதி வரி அல்ல, முற்பணம். வருட முடிவில் உங்கள் உண்மையான வரியைக் கணக்கிட்டு, கூட எடுத்திருந்தால் திருப்பித் தர வேண்டும். உங்கள் விஷயத்தில் எடுத்தது முழுவதுமே கூட.

ஆனால் திணைக்களம் தானாக உங்கள் வீட்டு விலாசத்துக்குக் காசோலை அனுப்பாது. நீங்கள்தான் கேட்க வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்.

உங்களுக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, இனிமேல் வெட்டாமல் நிறுத்துவது. மற்றது, இதுவரை வெட்டியதைத் திரும்பக் கேட்பது.

நிறுத்துவதற்கு வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுக்க வேண்டும். இந்த வரி ஆண்டில் என் மொத்த வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்று நீங்களே எழுதிக் கையெழுத்து வைப்பது அது. அதில் டின் நம்பர் கேட்பார்கள். வரி செலுத்துநர் அடையாள இலக்கம் என்று தமிழில் அச்சடித்திருப்பார்கள், எல்லாரும் சொல்வது டின்தான். அதை எடுக்கக் காசு இல்லை. தேசிய அடையாள அட்டையைக் கொண்டு இணையத்தில் பதியலாம். பேரப்பிள்ளை யாராவது பக்கத்தில் இருந்தால் போதும்.

இந்த டின் நம்பரைக் கண்டு பயந்துதான் உங்கள் பக்கத்து வீட்டார் அப்படிச் சொல்கிறார்கள். நம்பர் எடுத்தவுடன் வரி கட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அது ஓர் அடையாள இலக்கம், அவ்வளவுதான். வரி வருவது வருமானத்தால். உங்கள் வருமானம் 9 இலட்சத்து 60 ஆயிரமாக இருக்கும்வரை டின் இருந்தாலும் வரி பூச்சியம், இல்லாவிட்டாலும் பூச்சியம். வித்தியாசம் என்னவென்றால், டின் இல்லாவிட்டால் 96,000 ரூபாவைக் கேட்க வழியில்லை.

அக்கா, இன்னும் சில விஷயம். இரண்டு வங்கியில் எஃப்.டி. இருந்தால் இரண்டிலும் தனித்தனியாகப் பிரகடனம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வரி ஆண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரை ஓர் ஆண்டு என்பதால், ஏப்ரல் பிறந்ததும் முதல் வேலையாகச் செய்யுங்கள். மகளையும் சேர்த்து இருவர் பேரில் கணக்கு இருந்தால் இருவரும் படிவம் கொடுங்கள். மகள் நல்ல சம்பளம் எடுப்பவராக இருந்தால் அவர் பங்கு வட்டி அவர் வருமானத்தில் சேரும், அவரால் அந்தப் பிரகடனத்தில் கையெழுத்து வைக்க முடியாது. அந்த மாதிரி இருந்தால் கணக்கை உங்கள் தனிப் பேருக்கு மாற்றலாமா என்று வங்கியில் பேசிப் பாருங்கள்.

படிவத்தை நீட்டினால் கிளையில் சில பேர் “அதெல்லாம் இங்கே எடுப்பதில்லை” என்று திருப்பி அனுப்புகிறார்கள். எனக்குத் தெரிந்த வயதான அம்மா ஒருவர் அப்படி அழுதுகொண்டு வந்தார். கிளை முகாமையாளரைக் கேளுங்கள். கொடுத்த படிவத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை, சலுகை கேட்டுப் போகவில்லை.

இனி, வெட்டிய காசு. வங்கியிடம் வரிக் கழிவுச் சான்றிதழ் கேளுங்கள். எவ்வளவு வட்டி, எவ்வளவு வெட்டினோம் என்று அதில் இருக்கும். அப்புறம் இறைவரித் திணைக்களத்தில் உங்கள் டின்னின் கீழ் வருமான வரிக்குப் பதிவு செய்து, அந்த ஆண்டுக்கான வருமான வரி விபரத்திரட்டை நிரப்ப வேண்டும். 2025/26 ஆண்டுக்குரியதை 2026 நவம்பர் 30க்குள் கொடுக்கலாம். அதில் வருமானம் 9,60,000, வரி பூச்சியம், ஏற்கெனவே வெட்டியது 96,000, மீளளிப்பாகக் கேட்பது 96,000 என்று வரும். வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கவனமாக எழுதுங்கள். வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கணவர் பெயர் முன்னால் வருவது, முதலெழுத்து மாறுவது போன்ற சின்ன விஷயத்தில்தான் அதிகம் சிக்குகிறது.

முந்தைய ஆண்டு 2024/25இல் வரியில்லா எல்லை 12 இலட்சமாக இருந்தது, வெட்டியது 5 வீதம். உங்கள் வட்டி அப்போதும் இதே அளவு என்றால் 48,000 ரூபா போயிருக்கும். அந்த ஆண்டிலும் நீங்கள் எல்லைக்குக் கீழேதான். அதையும் சேர்த்துக் கேளுங்கள். பழைய ஆண்டுகளைக் கேட்கக் காலவரம்பு இருப்பதால் தள்ளிப் போட வேண்டாம்.

மற்ற வாசகர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அரச ஓய்வூதியத்துக்கு வருமான வரி இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தன் பென்சனையும் வட்டியையும் கூட்டிப் பார்த்து 18 இலட்சம் தாண்டுகிறதே என்று பிரகடனம் கொடுக்காமல் இருக்கத் தேவையில்லை. வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் வீட்டுச் செலவுக்கு அனுப்பும் காசும் உங்கள் வருமானம் ஆகாது. அதே நேரம் வட்டி மட்டுமே 18 இலட்சத்தைத் தாண்டுபவர்கள் அந்தப் படிவத்தைத் தொடவே கூடாது. 8 வீத வட்டியில் 2 கோடியே 25 இலட்சம் வைப்பு இருந்தால்தான் அந்த எல்லை வரும். பொய்ப் பிரகடனம் குற்றம்.

ஐந்து வருடம் சேர்த்து வாங்கிய பிளாட்டை ஒரு கம்பனிக்கு மாதம் 1,20,000 ரூபாவுக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் மாதம் 12,000 வெட்டிக்கொண்டுதான் தருகிறார்கள். வங்கி வட்டி வருடம் 6 இலட்சம் வரும். இரண்டையும் கூட்டினால் 18 இலட்சத்தைத் தாண்டுகிறது. எனக்கு எதுவும் திரும்ப வராதுதானே?
ஓய்வு பெற்ற வாசகர், தெஹிவளை

அண்ணா, வரும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம், ஏனென்றால் இது பலர் கைவிட்டுவிடும் இடம்.

மாத வாடகை ஒரு இலட்சத்தைத் தாண்டினால் கம்பனிகள் 10 வீதம் வெட்ட வேண்டும். அதனால் அவர்கள் செய்தது சரி. வருட வாடகை 14,40,000, வட்டி 6,00,000, மொத்தம் 20,40,000 ரூபா. இத்தோடு நிறுத்திவிட்டீர்கள். வாடகை வருமானத்தில் 25 வீதம் திருத்த வேலை, பராமரிப்பு ஆகியவற்றுக்காக நிவாரணமாகக் கழிக்கலாம், பற்றுச்சீட்டு எதுவும் காட்டத் தேவையில்லை. 14,40,000இல் கால் பங்கு 3,60,000. கழித்தால் 16,80,000. அதிலிருந்து 18 இலட்சம் தனிப்பட்ட நிவாரணம் கழித்தால் வரி விதிக்க ஒன்றும் மிஞ்சாது.

ஆக வாடகையில் வெட்டிய 1,44,000, வட்டியில் வெட்டிய 60,000, இரண்டும் சேர்த்து 2,04,000 ரூபா உங்களுக்கு வர வேண்டிய காசு.

ஆனால் ஒரு நுணுக்கம். வங்கியில் கொடுக்கும் சுய பிரகடனத்துக்குப் பார்ப்பது நிவாரணம் கழிப்பதற்கு முந்தைய வருமானத்தை. உங்களுக்கு அது 20,40,000. ஆகவே வட்டியில் வெட்டுவதை நீங்கள் நிறுத்த முடியாது. வெட்ட விட்டு, விபரத்திரட்டு போட்டு, திரும்ப வாங்குவதுதான் உங்கள் வழி. வாடகை எடுக்கும் கம்பனியிடமும் கழிவுச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். உங்கள் டின் நம்பரை அவர்களிடமும் வங்கியிடமும் கொடுத்து வையுங்கள், வெட்டிய காசு உங்கள் பேரில் பதிவாக வேண்டும். சான்றிதழ் உங்கள் கையில் இருந்து, திணைக்களக் கணினியில் உங்கள் பேரில் அந்தத் தொகை இல்லாவிட்டால், விசாரித்து முடிக்கவே மாதக்கணக்கில் இழுபடும்.

கூரையில் சோலர் போடும் யோசனை இருந்தால் அதற்கும் வருடம் 6 இலட்சம் வரை நிவாரணம் உண்டு. உங்களுக்கு இப்போதைக்குத் தேவைப்படாது.

அக்கா, ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை மாதம் 2,50,000 சம்பளத்தில் வேலை செய்தேன். பிறகு கம்பனியில் ஆள் குறைத்தார்கள். இன்னும் வேலை இல்லை. சம்பளத்தில் மாதம் 8,000 வெட்டியிருக்கிறார்கள். நண்பன் ஒருவன் திரும்ப எடுக்கலாம் என்கிறான். உண்மையா?
இளம் வாசகர், கொட்டாஞ்சேனை

உண்மை தம்பி. உங்கள் நண்பர் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

சம்பளத்தில் மாதாமாதம் வெட்டும் ஏ.பி.ஐ.டி. வரி, நீங்கள் பன்னிரண்டு மாதமும் இதே சம்பளம் எடுப்பீர்கள் என்ற கணக்கில் போடப்படுவது. மாதம் 1,50,000 வரை வரி இல்லை. அதற்கு மேல் உள்ள உங்கள் ஒரு இலட்சத்தில் முதல் 83,333க்கு 6 வீதமாக 5,000, மிகுதி 16,667க்கு 18 வீதமாக 3,000, மொத்தம் 8,000. வெட்டியது சரியான தொகைதான்.

ஆனால் வரி என்பது முழு வருடத்துக்கு உரியது. ஆறு மாதச் சம்பளம் 15 இலட்சம். மார்ச் 31 வரை வேறு வருமானம் வராவிட்டால் நீங்கள் 18 இலட்சத்துக்குக் கீழே. வெட்டிய 48,000 ரூபாவும் உங்களுடையது. இடையில் மார்ச்சுக்கு முன் வேறு வேலை கிடைத்தால் அந்தச் சம்பளத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அப்போது கொஞ்சம்தான் திரும்பும், அல்லது ஒன்றும் திரும்பாது. வேலை கிடைக்கட்டும், அது இதைவிட முக்கியம்.

பழைய கம்பனியிடம் டி-10 சான்றிதழ் இப்போதே கேளுங்கள். உங்கள் சம்பளமும் வெட்டிய வரியும் அதில்தான் இருக்கும். ஆள் குறைக்கும் கம்பனி அடுத்த வருடம் என்ன நிலையில் இருக்கும், மனிதவளப் பிரிவில் யார் இருப்பார் என்று சொல்ல முடியாது. சம்பளச் சீட்டுகளையும் எறியாமல் வையுங்கள். சம்பளம் மட்டும் எடுத்து, அதில் சரியாக வரி வெட்டப்பட்டவர் பொதுவாக விபரத்திரட்டு போடத் தேவையில்லை. திரும்பக் கேட்பவர் போட்டே ஆக வேண்டும். முன்பு வேறு வரிப் பாக்கி ஏதும் இருந்தால் முதலில் அதில் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் தருவார்கள் என்பதையும் தெரிந்து வையுங்கள்.

என் மகள் கனடாவில் இருக்கிறாள். அரசாங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கியில் காசு போடுகிறதாம், வரியைத் திருப்பித் தருகிறார்கள் என்கிறாள். இங்கே ஏன் அப்படி இல்லை? எங்களுக்கு விண்ணப்பிக்க வழி உண்டா?
ஒரு தாய், பம்பலப்பிட்டி

அம்மா, நீங்கள் சொல்வது ஜி.எஸ்.டி. கிரெடிட்டாக இருக்க வேண்டும். கடையில் சாமான் வாங்கும்போது கட்டும் வரியின் பாரம் குறைந்த வருமானக்காரருக்குத்தான் அதிகம் என்பதால், அங்கே அவர்களுக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் என்று பகுதி பகுதியாகக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறார்கள். அங்கே வசிப்பவராக இருக்க வேண்டும், பொதுவாக 19 வயது நிறைந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் எல்லைக்குள் இருக்க வேண்டும். முக்கியமாக, வருமானம் பூச்சியமாக இருந்தாலும் முந்தைய வருடத்துக்கு வரி விபரம் கொடுத்திருக்க வேண்டும். புதிதாகப் போன நம் பிள்ளைகள் சிலர் “எனக்கு வருமானமே இல்லையே” என்று விபரம் கொடுக்காமல் இருந்து இதை இழக்கிறார்கள். மகளிடம் சொல்லுங்கள். கார்பன் வரிக்காக வந்துகொண்டிருந்த இன்னொரு கொடுப்பனவு 2025 ஏப்ரலோடு நின்றுவிட்டது, அது ஏன் வரவில்லை என்று தேட வேண்டாம்.

அமெரிக்காவில் கொரோனாக் காலத்தில், 2020இலும் 2021இலும், 1,200, 600, 1,400 டொலர் என்று மூன்று முறை ஆட்களுக்கு அனுப்பினார்கள். அதுவும் வரிச் சட்டத்தின் கீழ் வந்த பணம். தவறவிட்டவர்கள் பிறகு வரி விபரத்தில் எழுதிக் கேட்டார்கள்.

இலங்கையில் அந்த வகைக் கொடுப்பனவு கிடையாது. நமக்கு உள்ளது கூடக் கட்டிய வரி திரும்புவது மட்டும். வறிய குடும்பங்களுக்கு அஸ்வெசும இருக்கிறது, அது வரியோடு சம்பந்தம் இல்லாத நலன்புரித் திட்டம். மிக வறிய நிலையில் உள்ள குடும்பத்துக்கு 2025 ஜனவரியில் மாதத் தொகையை 17,500 ரூபா ஆக்கினார்கள். அதற்கு இறைவரித் திணைக்களத்தில் கேட்கக் கூடாது, பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும்.

இங்கே ஏன் இல்லை என்ற உங்கள் கேள்வி நியாயமானது. கடையில் வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம் கட்டும் கூலித் தொழிலாளிக்கும் ஏதாவது திரும்ப வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன்.

பங்குச் சந்தையில் கொஞ்சம் போட்டிருக்கிறேன். டிவிடெண்டில் 15 வீதம் வெட்டுகிறார்கள். என் வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவு. இதையும் திரும்பக் கேட்கலாமா?
வாசகர், வத்தளை

முடியாது. டிவிடெண்டில் வெட்டும் 15 வீதம் இறுதி வரி. வட்டியில் வெட்டுவது முற்பணம், இதில் வெட்டுவதோடு கதை முடிந்தது. சிறிய வருமானக்காரருக்கு இது சரியில்லை என்பது என் கருத்து, ஆனால் சட்டம் இப்போது அப்படி.

புறக்கோட்டையில் மகனுக்கு லாப்டொப் வாங்கினேன். பில்லில் வற் 18 வீதம். அதைத் திரும்ப எடுக்க வழி உண்டா?
வாசகி, மருதானை

சொந்தப் பாவனைக்கு வாங்கியதற்கு வழியில்லை. வற்றுக்குப் பதிவு செய்த வியாபாரிகள்தான் தாங்கள் கொடுத்த வற்றைத் தங்கள் கணக்கில் கழிக்கலாம். ஆனால் பில்லைப் பாருங்கள். வற் என்று தனியாகப் போட்டிருந்தால் கடையின் வற் பதிவு இலக்கமும் இருக்க வேண்டும். பதிவு இல்லாத கடைக்கு வற் என்று காசு எடுக்க உரிமை இல்லை.

“உங்களுக்கு 45,800 ரூபா வரி மீளளிப்பு அனுமதிக்கப்பட்டுள்ளது, கீழே அழுத்துங்கள்” என்று வட்சப்பில் வந்தது. உள்ளே போனால் வங்கி அட்டை இலக்கம் கேட்கிறது. நம்பலாமா?
வாசகர், மட்டக்குளி

நம்பவே வேண்டாம். நீங்கள் விபரத்திரட்டு போட்டுக் கேட்காமல் உங்களுக்கு மீளளிப்பு வராது. இதை மட்டும் நினைவில் வைத்திருந்தால் இந்த வகை ஏமாற்று எதிலும் விழமாட்டீர்கள். உண்மையில் காசு வருவது நீங்கள் விபரத்திரட்டில் எழுதிக் கொடுத்த கணக்குக்கு. அதற்கு அட்டை இலக்கமும் தேவையில்லை, அட்டைக்குப் பின்னால் உள்ள மூன்று இலக்கமும் தேவையில்லை, போனுக்கு வரும் ஓ.டி.பி.யும் தேவையில்லை.

சந்தேகம் இருந்தால் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு அழையுங்கள். கொழும்பில் இருப்பவர்கள் கொம்பனித்தெருவில் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் உள்ள தலைமையகத்துக்கு நேரிலும் போகலாம். போகும்போது அடையாள அட்டையும் டின் நம்பரும் கையில் இருக்கட்டும். அட்டை இலக்கத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இந்தப் பதிலை வாசித்து முடிக்கும் முன்பே வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். வந்த செய்தியை அழிக்க வேண்டாம், முறைப்பாட்டுக்கு அது தேவைப்படும்.